இரண்டு கால் தராசு

வாசகப் பெருமக்களே! தராசின் முன் நிற்கும்போது நேர்மையாக நில்லுங்கள். அது கடையில் தொங்கும் தராசானாலும் சரி, இடுப்புக்குக் கீழே நமக்கு மாட்டி அனுப்பப்பட்டிருக்கும் இரண்டு கால்களானாலும் சரி. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளன் நான். கடைத்தெருவில் நான் நுழைந்தால் எடைக்கற்களே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்பார்கள். அப்படிச் சொல்பவன் பெரும்பாலும் நான்தான்.

வெளியே இத்தனை எடையுள்ள எனக்கு வீட்டில் எடையே கிடையாது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு கட்டடங்கள். முன் கட்டடத்தில் நாங்கள். பின் கட்டடத்தில் என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கட்டடங்களுக்கும் இடையே இறகுப்பந்துப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு இருவர், ஒரே ஆட்டம், ஒரே கோப்பை. அந்தக் கோப்பை மூன்று ஆண்டுகளாக மைத்துனன் வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, நான் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. எங்கள் தரப்பில் ஆடுபவர்கள் நானும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும். 'இந்த ஆண்டு கோப்பையைக் கொண்டுவராமல் ஓயமாட்டேன்' என்று உறுதி பூண்டேன். பூண்ட மறுவாரமே ஓய்ந்தேன்.

அன்று ஒரு பயிற்சி ஆட்டம். மைத்துனன் பந்தை உயரத் தூக்கிப் போட்டான். எனக்கு நாற்பத்தெட்டு வயது என்பதை மனம் மறந்தது. முழு உடம்பும் எழும்பியது. இறங்கும்போது இடது முழங்கால் மட்டும் தனியாக இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம்.

"மாமா, மட்டை உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டான் அந்தப் பாவி.

மட்டை பத்திரமாக இருந்தது. கிழிந்தது முழங்கால் ஜவ்வு. தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்காலுக்குள் கோத்துச் சரிசெய்தார்கள். ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி சட்டம் இயற்றிவிட்டாள்.

"என்னங்க, உங்க மட்டை என் பீரோவுல இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டுமே. போட்டிக்கு முந்தின நாள் குடுத்தாப் போதும். இன்னும் அஞ்சு மாசம் இருக்குல்ல."

"கால் பயிற்சி சொல்லித் தர்ற டாக்டரம்மா 'சரி'ன்னு கையெழுத்து போட்ட தாளைக் கொண்டாங்க. தாளைக் குடுத்தா மட்டை."

"அவங்க கையெழுத்து போடலன்னா?"

"உக்காந்து கை தட்டுங்க."

அந்த ஒரு சொல் என்னை உலுக்கியது. அன்பர்களே, மனிதனுக்கு இலக்கு வேண்டும்! இலக்கு இருந்தால் முடவனும் எழுவான். நான் எழுந்தேன். முதலில் ஊன்றுகோலை விட்டேன், பிறகு சுவரை விட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி தொடங்கியது. அதுவரை எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் ஒற்றைக்காலில் நிற்பவள் என் மனைவி ஒருத்திதான். இப்போது நானும் சேர்ந்துகொண்டேன்.

பல் துலக்கும்போது ஒற்றைக்கால். செய்தித்தாள் படிக்கும்போது ஒற்றைக்கால். நான் தனியாகத் தள்ளாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், என் மனைவியும் பக்கத்தில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொள்வாள். என்னே அவள் பரிவு என்று உருகினேன். ஒருநாள் காலை இருவரும் கூடத்தில் கொக்குகளைப் போல் நின்றிருந்தபோது பல் டாக்டர் உள்ளே நுழைந்துவிட்டார்.

"அண்ணே… அண்ணி… ஏதாவது வேண்டுதலா?"

"இல்ல தம்பி, பயிற்சி," என்றாள் மனைவி, காலை இறக்காமலே.

"அடிபட்டது அண்ணனுக்குத்தானே? நீங்க ஏன் அண்ணி?"

"அவரு விழுந்தா பிடிக்கணும்ல. அதுக்கு நான் விழாம நிக்கணும்ல."

"அண்ணி ஆடாம நிக்கிறாங்க. நீங்கதான் அண்ணே, விழப்போற பல்லு மாதிரி ஆடுறீங்க," என்றார் டாக்டர்.

பயிற்சியின் கடினமான பகுதி மாலை ஆறு மணிக்கு. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே என்னை நிறுத்துவாள்.

"கண்ணை இறுக்க மூடிக்கோங்க. இடது கால்ல நில்லுங்க. முப்பது எண்ணுங்க. அப்படிப் பத்து தடவை. நடுவுல கண்ணைத் திறந்தா முதல்லேர்ந்து. முடிஞ்சதும் ஐஸ் பையை வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் படுத்துடுங்க."

"நீ?"

"டாக்டர் தம்பி வீட்டம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன். ஏமாத்தாதீங்க, என்ன?"

ஏமாற்றுவேனா நான்! முத்திரையிடும் கையல்லவா இது! இமைகளைப் பூட்டிக்கொண்டு எண்ணுவேன். பீரோக் கதவு கீச்சிடும். வாசற்கதவு சாத்தப்படும். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். கண்ணை மூடியதும் உலகமே ஆடும்; உள்ளம் மட்டும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

ஞாயிறுதோறும் வீட்டிலேயே ஓர் அளவெடுப்பு. கூடத்துத் தரையில் மூன்று திசைகளில் ஒட்டுநாடாக்களை ஒட்டியிருந்தாள். முன்னே ஒன்று, பின்னே சாய்வாக இரண்டு. நடுவில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை நாடாவின்மேல் எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்று பார்க்க வேண்டும். ஊன்றிய குதிகால் எழக்கூடாது. கை எதையும் பற்றக்கூடாது. நீட்டிய கால் மீண்டும் நடுவுக்கு வந்தாக வேண்டும். என் அலுவலக எஃகு நாடாவாலேயே அளந்து, சராசரி எடுத்து, நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வாள். டாக்டரம்மா வைக்கும் சோதனைக்கு முந்தின ஞாயிறு குறிப்பு இது: நல்ல வலது காலில் நின்றால் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். தைத்த இடது காலில் நின்றால் எழுபத்தொன்பது.

"ரெண்டு காலையும் ஒப்பிட்டா தொண்ணூறு சதவீதமாவது வரணும் சார். வந்தா அடுத்த கட்டத்துக்குப் போகலாம்," என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அடுத்த கட்டம் எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கட்டம் ஆடுகளத்துக் கட்டம்தான்.

கணக்குப் போட்டேன். எண்பத்து நான்கு சதவீதம் வந்தது. மறுபடியும் போட்டேன். கணக்கு நேர்மையாக இருந்தது; எண்பத்து நான்கிலேயே நின்றது. அடுத்த ஞாயிறு போட்டி; நடுவில் ஆறே நாட்கள். ஆறு நாட்களில் தசை வளருமா? வளராது.

இங்கே நான் ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரிடம் இரண்டு ஒரு கிலோ எடைக்கற்கள் இருந்தன. ஒன்று சரியானது, மற்றது தேய்ந்தது. "இரண்டும் சமமாக இருக்கட்டும்" என்று எச்சரித்துவிட்டு வந்தேன். மறுமுறை போனபோது இரண்டையும் இரண்டு தட்டுகளில் வைத்துக் காட்டினார். முள் நட்டநடுவில் நின்றது. "பாத்தீங்களா சார், சமம்!" என்றார். நான் சும்மா விடுவேனா? என் பெட்டியிலிருந்து அரசு முத்திரைக் கல்லை எடுத்து வைத்தேன். இரண்டுமே குறைவு! அந்த மகானுபாவர் தேய்ந்த கல்லை மாற்றவில்லை. நல்ல கல்லை அரத்தால் ராவிவிட்டார். கடைவாசலில் நின்று அரைமணி நேரம் முழங்கினேன். "குறைந்ததை உயர்த்துவதே சமம்! நிறைந்ததைத் தேய்ப்பது களவு!" இந்த வரலாற்றை என் மனைவியிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் காய் நறுக்கிக்கொண்டே "ம்" என்பாள். காதில் விழுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனைக்குப் போகும் பேருந்தில் அந்தக் கடைக்காரர் மெல்ல வந்து என் காதுக்குள் உட்கார்ந்தார். "இடது கால் உயராட்டி என்ன சார்? வலது கால் இறங்கலாமே" என்றார். ஐயோ, உபதேசிகளே, எச்சரிக்கையாக இருங்கள்! நாம் பிறருக்குச் சொல்லும் அறம் நமக்கு ஆபத்து வரும்போது விடுப்பில் போய்விடுகிறது.

பயிற்சிக்கூடத்தில் ஓர் எலும்புக்கூடு பொம்மை, ஒரு பெரிய ரப்பர் பந்து, தரையில் எங்கள் வீட்டைப் போலவே மூன்று கோடுகள். டாக்டரம்மா கையில் அட்டையும் பேனாவும். என் மனைவி மடியில் கைப்பையோடு மூலை நாற்காலியில்.

"முதல்ல நல்ல கால் சார். வலது கால்ல நின்னு, இடது காலை முன்னாடி நீட்டுங்க."

நீட்டினேன். பாதி தூரம் போனதும் கண்களை உருட்டினேன். கைகளைக் காற்றாடி போல் சுழற்றினேன். "அம்மாடி!" என்று ஒரு கூவல் கூவிக் காலைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

"என்ன சார், நல்ல காலே இப்படி ஆடுது?"

"வயசு டாக்டரம்மா, வயசு."

மூன்று திசை, திசைக்கு மூன்று முறை. ஒன்பது முறையும் தள்ளாடினேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தள்ளாடுவது எத்தனை கடினம் தெரியுமா? ஐந்து மாதப் பயிற்சி இல்லாமல் அது முடியவே முடியாது. பிறகு இடது காலில் நின்றேன். இமயமே வந்து மோதினாலும் அசையமாட்டேன் என்பதுபோல் நின்றேன்.

டாக்டரம்மா எழுதிக் கூட்டினார். "வலது எண்பத்திரண்டு. இடது எழுபத்தொன்பது. விகிதம் தொண்ணூற்றாறு சதவீதம்! ரொம்ப நல்ல முன்னேற்றம் சார்."

"அப்ப அந்தக் கையெழுத்து…" என்று நான் தாளை நீட்டினேன்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்," என்றது மூலை நாற்காலி.

நீட்டிய தாள் பாதியிலேயே நின்றது.

"கேளுங்க மேடம்."

"இவரு கடையில சோதனை போடறப்போ, கடைக்காரர் கல்லு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்துட்டு விட்டுட மாட்டாரு. தனியா ஒரு முத்திரைக் கல் வச்சிருப்பாரு. அதோடதான் ஒப்பிடுவாரு. உங்ககிட்ட அப்படி ஒண்ணு இல்லையாம்மா?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இருக்கு மேடம். காலோட நீளத்துக்கு இவ்வளவு தூரம் எட்டணும்னு ஒரு பொது அளவு உண்டு." மறுபடியும் கணக்குப் போட்டார். புருவம் சுருங்கியது. "அட… அப்படிப் பாத்தா ரெண்டு காலுமே குறைவா இருக்கே. சார், உங்க நல்ல காலும் கெட்டுப்போச்சு. அதுக்கும் முதல்லேர்ந்து பயிற்சி ஆரம்பிச்சுடலாம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுலேர்ந்து. மூணு மாசம்."

"அதுக்கென்ன, செய்யட்டும்," என்றாள் மனைவி. "வேணும்னா மறுபடியும் ஊன்றுகோல் குடுங்களேன். பாவம், ரெண்டு பக்கமும் ஆடுறாரு."

பாருங்கள் என் நிலையை! உண்மையைச் சொன்னால் மட்டை போகும். சொல்லாவிட்டால் மட்டையும் போகும்; கூடவே ஒரு குறையும் இல்லாத வலது காலுக்கு மூன்று மாதத் தண்டனை. இரண்டையும் தட்டில் வைத்து எடைபோட்டேன். அதற்குள் கைப்பை திறக்கும் ஓசை கேட்டது. நாட்காட்டித் தாள் வெளியே வந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வீட்ல அளந்தது இது. வலது தொண்ணூத்து நாலு. முத்திரை போட்ட நாடா. அவரோடதுதான்."

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எலும்புக்கூடும் என்னைப் பார்த்ததாகவே தோன்றியது.

"சார்… நல்ல காலைக் குறைச்சீங்களா?"

"ராவிட்டேன்," என்றேன்.

வாசகர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கடைக்காரர்கள் என் முன்னே தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருடைய கழுத்துவலியும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்துவிட்டது. மீண்டும் வலது காலில் நின்று நேர்மையாக நீட்டினேன். தொண்ணூற்று நான்கு. விகிதம், பழைய எண்பத்து நான்கு.

டாக்டரம்மா திட்டவில்லை. "சார், நீங்க என்னை ஏமாத்தலாம், தரையை ஏமாத்த முடியாது. இன்னும் கொஞ்சம்தான். இடதை ஏத்திக்கலாம்," என்றார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை இறகுப்பந்து ஆட முடியாதா?"

"இறகுப்பந்தா?" பேனா கீழே விழுந்தது. "தொண்ணூறு வந்தா மெதுவா ஓட ஆரம்பிக்கலாம் சார். அவ்வளவுதான். குதிச்சுத் திரும்பி ஆடற ஆட்டமெல்லாம் ஒன்பது மாசம் ஆகணும். அதுக்கும் தனியா சோதனை இருக்கு. முதல் நாளே மேடம்கிட்ட சொன்னேனே?"

நான் மேடம் பக்கம் திரும்பினேன். மேடம் எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தாளு, கையெழுத்து, சாவின்னு அஞ்சு மாசமா ஆட்டி வச்ச?"

"ஒன்பது மாசம்னு சொல்லியிருந்தா, எட்டு மாசம் படுத்திருந்துட்டு ஒன்பதாவது மாசம் எந்திரிச்சு மட்டையைக் கேட்டிருப்பீங்க. இப்ப பாருங்க. பஸ்ஸுல நீங்களே ஏறினீங்க. யாரு தோளையும் பிடிக்கல."

என்னைப் பற்றி அவள் எடுத்திருந்த அளவு துல்லியமானது.

"சரி, ஞாயித்துக்கிழமை டாக்டரோட யாரு ஆடுவாங்க?"

"யாராவது கிடைப்பாங்க," என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. குடியிருப்பே திரண்டிருந்தது. கோட்டருகே ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பந்து கோட்டுக்குள் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. "முத்திரை ஆய்வாளர் சொன்னா மறுபேச்சு இல்ல" என்று இரு கட்டடத்தாரும் ஏற்றுக்கொண்டார்களாம். அந்தப் பாராட்டு முள்ளாகக் குத்தியது. பின் கட்டடத்தின் சார்பில் மைத்துனனும் மாடி வீட்டு வக்கீலும் இறங்கினார்கள். முன் கட்டடத்தின் சார்பில் பல் டாக்டர் இறங்கினார். அவருக்குப் பின்னால், காலணி நாடாவை இறுக்கிக்கொண்டு, என் மனைவி இறங்கினாள்.

"அக்கா, நீயா!" என்று சிரித்தான் மைத்துனன். "வேணாங்கா, காலு சுளுக்கிடும்."

"நீ பந்தைப் போடுடா தம்பி."

போட்டான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஒரு காலை ஊன்றி, மறுகாலை நீட்டி, எட்டி எடுத்து, மீண்டும் நடுவுக்கு வந்து நின்றாள். முன்னே, பின்னே சாய்வாக வலம், பின்னே சாய்வாக இடம். எங்கே பார்த்திருக்கிறேன் இந்த மூன்று திசைகளை? எங்கள் கூடத்துத் தரையில்!

இருபதுக்குப் பத்தொன்பது. எங்கள் கட்டடத்துக்கு இன்னும் ஒரே புள்ளி தேவை. மைத்துனன் ஓங்கி அடித்த பந்து என் நாற்காலிக்கு முன்னால் வந்து விழுந்தது. ஆட்டம் நின்றது. எல்லாக் கண்களும் என்மேல். பந்தின் தலை கோட்டின் வெளிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தொட்டதை நான் மட்டுமே பார்த்தேன். 'வெளியே' என்று ஒரு சொல் சொன்னால் போதும்; மூன்றாண்டு அவமானம் தீரும். அந்தக் கடைக்காரர் மறுபடியும் காதோரம் வந்தார்.

"உள்ளே!" என்று கத்தினேன், அவர் வாயைத் திறக்கும் முன்பே.

"மாமா, நீங்க தெய்வம் மாமா!" என்று குதித்தான் மைத்துனன். முன் கட்டடத்தார் என்னை முறைத்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தாள். அந்த அசைவு ஒரு முத்திரை. அதற்காகவே மறுபடியும் ஒரு ஜவ்வைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த இரண்டு புள்ளிகளையும் அவளே எடுத்தாள். கடைசிப் பந்தை வலையோரம் தட்டிவிட்டான் தம்பி. அக்காள் இடது காலை ஊன்றினாள், வலது காலை நீட்டினாள். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து, நூறு! மட்டையின் நுனியில் பந்து சிக்கி அந்தப் பக்கம் விழுந்தது. கோப்பை இடம்பெயர்ந்தது.

"அண்ணே, பல்லைக் கடிச்சுக்கிட்டு மூணு மாசமா ரகசியத்தைக் காப்பாத்தினேன்," என்று என் கையைக் குலுக்கினார் பல் டாக்டர். "எங்க கிளினிக்குக்குப் பின்னாடி தினமும் பயிற்சி. அண்ணிக்கு என்ன கை, என்ன கால்!"

வீட்டுக்கு வந்ததும் மனைவி பீரோவைத் திறந்தாள். அது பழைய ராகத்தில் கீச்சிட்டது. கோப்பையை மேல்தட்டில் வைத்தாள். பக்கத்தில் என் மட்டையையும் வைத்தாள். அதன் பிடியில் அவள் கைக்கு ஏற்றபடி புதுத் துணி சுற்றியிருந்தது.

"ஏய், இது என் மட்டைல்ல?"

"ஆமா."

"தினமும் இதைத்தான் எடுத்துட்டுப் போனியா? எத்தனை மணிக்கு?"

"சாயந்தரம் ஆறு மணிக்கு."

"நான் அப்ப வீட்லதானே இருந்தேன்?"

"இங்கேதான் இருந்தீங்க," என்றாள் அவள், பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்தபடி. "கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க."